கேரியரை விட்ட கை

டிரைவிங் லைசென்ஸ் கைக்கு வந்த மறுநாள் காலையில், காரை வீட்டு வாசலிலிருந்து தெருவுக்கு எடுக்க முடியாமல் நாற்பது நிமிடம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருந்தேன். நான்கு முறை வண்டி ஆஃப் ஆனது. ஐந்தாவது முறை ஒரே குதியாகக் குதித்து, கேட்டுக்குப் பக்கத்திலிருந்த செம்பருத்தித் தொட்டியை உடைத்தது. எதிர்வீட்டுக்காரர் பல் துலக்கிக்கொண்டே எட்டிப் பார்த்து, "என்ன மேடம், டிரைவிங் ஸ்கூலுக்கெல்லாம் போனீங்களே?" என்றார்.

போனேன்தான். 26 நாள், நாளுக்கு அரை மணி நேரம். ஒரு நாள்கூட மட்டம் போடவில்லை. எனக்கு வயது 46. ஒரு விஷயத்துக்குப் பணம் கட்டிவிட்டால் அதை முழுசாக வாங்கிக்கொண்டுதான் வீடு திரும்ப வேண்டும் என்று நினைக்கிற வயது.

அந்தப் பயிற்சி வண்டியில் மாஸ்டர் உட்காரும் பக்கமும் ஒரு கிளட்ச், ஒரு பிரேக் இருந்தது. நான் தப்பாகக் காலை எடுக்கப்போகிறேன் என்பது எனக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். மிதித்துவிடுவார். வண்டி ஆஃப் ஆகவே ஆகாது. "சூப்பரா ஓட்டுறீங்க மேடம்" என்பார். பத்தாம் நாள் எனக்கே அப்படித்தான் தோன்றியது. டெஸ்ட்டும் அதே வண்டியில், அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கவே நடந்தது. ஒரு மாதமாக வண்டியை ஓட்டியது அவர். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு கூடப் போயிருக்கிறேன், அவ்வளவுதான். அவரை முழுக்கக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. ஒரு வண்டி, ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து பேர். எல்லாரும் ஆளாளுக்குக் கிளட்சைத் தேய்த்தால் அந்த வண்டி எத்தனை நாள் தாங்கும்?

தொட்டி உடைந்த அன்று இரவு நான் செய்த காரியம் இன்னும் மோசம். யூடியூபைத் திறந்து, கிளட்சைப் பாதி மட்டும் விட்டு வண்டியை நகர்த்துகிற ஹாஃப் கிளட்ச் பற்றி மட்டும் முப்பது வீடியோவாவது பார்த்திருப்பேன். வண்டியை அறுத்து உள்ளே காட்டினார்கள், பாதத்தின் கோணம் காட்டினார்கள், மலைச்சாலையில் நிறுத்தி எடுத்துக் காட்டினார்கள். எல்லாம் புரிந்தது. படுக்கும்போது, நாளை காலை கொடைக்கானலுக்கே போய் வரலாம் என்ற தைரியம். காலையில் மறுபடியும் வண்டி ஆஃப்.

பிறகுதான் ஒரு பழைய சோதனையைப் பற்றிப் படித்தது நினைவுக்கு வந்தது. அமெரிக்காவில் ஹென்றி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்டது. ஒரு சிறிய பாடப்பகுதியைக் கொடுத்து, ஒரு குழுவை அதையே நான்கு சுற்றுப் படிக்கச் சொன்னார்கள். இன்னொரு குழு ஒரே சுற்றுதான் படித்தது. மீதி மூன்று சுற்றிலும் புத்தகத்தை மூடிவிட்டு, நினைவில் இருப்பதை எழுத வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள் 83 சதவீதம் சொன்னார்கள், மூடிவிட்டு எழுதியவர்கள் 71. ஒரு வாரம் கழித்துக் கேட்டால் கணக்கு தலைகீழ். படித்தவர்களிடம் 40தான் மிச்சம், எழுதிப் பார்த்தவர்களிடம் 61. இதில் எனக்கு உறைத்தது எண்கள் அல்ல. ஒரு வாரம் கழித்து எவ்வளவு நினைவிருக்கும் என்று முன்னாலேயே கேட்டிருக்கிறார்கள். நான்கு தரம் படித்தவர்கள்தான் அதிகம் இருக்கும் என்று நம்பியிருக்கிறார்கள்.

அவர்கள் கல்லூரி மாணவர்கள், படித்தது பாடம். காலால் கற்க வேண்டிய விஷயத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் முப்பது வீடியோ பார்த்துவிட்டுத் தூங்கிய நான் எந்தக் குழுவில் இருந்தேன் என்பதில் சந்தேகமே இல்லை.

புரிந்துவிட்டது என்ற உணர்வு இருக்கிறதே, அதை வைத்துத்தான் பெரியவர்கள் ஏமாறுகிறோம். குழந்தைக்கு அந்தத் தொல்லை இல்லை. அது விழும், அழும், மறுபடி எழும். நமக்கு விழுவதற்கு முன்னாலேயே, விழாமல் இருப்பது எப்படி என்று விளங்கிவிட வேண்டும். அதற்காகக் காசு கொடுத்து ஆளையும் வைத்துக்கொள்கிறோம்.

பிரிட்டன் தபால் ஊழியர்களின் கதை இதைவிடச் சுவாரசியம். தபால்களைப் பிரிக்கும் இயந்திரத்துக்காக அவர்கள் விசைப்பலகையில் தட்டப் பழக வேண்டியிருந்தது. எல்லாரும் வேலையில் இருக்கும் பெரியவர்கள். ஆலன் பேட்லி என்ற உளவியலாளரும் லாங்மேன் என்பவரும் அவர்களை நான்கு குழுவாகப் பிரித்து ஆராய்ந்து 1978இல் எழுதினார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒரே ஒரு மணி நேரம். இன்னொரு கோடியில், நாளுக்கு இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு மணி நேரம். விசைகள் பிடிபட, ஒரு மணி நேரக்காரர்களுக்கு மொத்தமே 35 மணி நேரம் போதுமாக இருந்தது. நான்கு மணி நேரக்காரர்களுக்கு ஏறக்குறைய 50. ஆனால் பயிற்சியில் திருப்தி குறைவாக இருந்தது எந்தக் குழுவுக்கு? ஒரு மணி நேரக் குழுவுக்குத்தான். மற்றவர்கள் நாட்கணக்கில் முந்திக்கொண்டு போவதைப் பார்த்து, நாம் மட்டும் இழுத்துக்கொண்டே இருக்கிறோமே என்று நினைத்திருக்கிறார்கள்.

இதைப் படித்ததும் எனக்கு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் வாசனை வந்துவிட்டது. ரிப்பன் மையும் மெஷின் எண்ணெயும் கலந்த வாசனை. 1996இல் பிளஸ் டூ முடித்த கோடையில் டைப்ரைட்டிங் லோயர் கிரேடுக்குச் சேர்ந்தேன். ஏ எஸ் டி எஃப் ஜி எஃப், செமிகோலன் எல் கே ஜே எச் ஜே. பக்கம் பக்கமாக அதே வரி. ஒரு மணி நேரம் முடிந்ததும் அடுத்த பேட்ச் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுவிடும். "சார், இன்னும் ஒரு மணி நேரம் அடிச்சுக்கிறேனே" என்றால் விடமாட்டார். மெஷின் கம்மி என்பதைத் தவிர அவரிடம் வேறு கோட்பாடு ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தப் பஞ்சம் எங்களுக்கு நல்லது செய்திருக்கிறது. இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு தட்டுகிறேன்.

சரி, என் கதையை விட அம்மாவின் கதைதான் இங்கே முக்கியம். நான் கார் ஓட்டக் கிளம்பியதே அம்மாவுக்காகத்தான்.

எங்களுக்குக் கீரனூர் பக்கம் ஒரு கிராமம். 1991இல் புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க, பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்கும் அறிவொளி இயக்கம் ஆரம்பித்தபோது அம்மாவுக்கு 33 வயது. அப்போது ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அதுவரை கைநாட்டுதான். ரேஷன் கடையில் நீலமான கட்டைவிரலைச் சேலைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வருவது இன்னும் கண்ணில் இருக்கிறது.

ராத்திரி எட்டு மணிக்கு மேல் மாரியம்மன் கோயில் திண்ணையில் வகுப்பு. சொல்லிக்கொடுத்தது பத்தாவது முடித்த ஒரு பெண், அம்மாவுக்கு அக்கா மகள் முறை. பகலில் "ஏ புள்ள" என்று கூப்பிடுகிறவளை ராத்திரி "டீச்சர்" என்று கூப்பிட வேண்டும். பாதிப் பேர் சிரிப்பை அடக்க முடியாமலே முதல் வாரத்தை ஓட்டினார்களாம். ஆம்பிளைகள் அதிகம் வரவில்லை. தப்பாக எழுதினால் மருமகள் முறையில் இருப்பவள் பார்த்துவிடுவாளே. கல்லாமல் போனதற்கு வயது காரணமில்லை, இந்தக் கூச்சம்தான் காரணம் என்பேன். பெண்களுக்குக் கூச்சம் இல்லாமலா? இருந்தது. எல்லாருக்கும் ஒன்றாக இருந்ததால் அது தேய்ந்து போனது.

முதல் பாடத்தைப் பற்றி அம்மா சொன்னதுதான் எனக்குப் பெரிய ஆச்சரியம். அ, ஆ இல்லை. "பட்டா"தான் முதலில் எழுதினோம் என்பாள். நானும் எழுதிப் பார்த்தேன். அ எவ்வளவு கஷ்டமான எழுத்து! சுழி, வளைவு, குறுக்குக் கோடு, கீழே ஒரு இறக்கம். அரிவாள் பிடித்துக் காய்த்த விரல் அதற்குள் எப்படிச் சுழலும்? ப மூன்று கோடு. ட இரண்டே கோடு. முதல் ராத்திரியே ஒரு முழுச் சொல்லை எழுதிவிட்டு எழுந்து போகலாம். அதுவும் என்ன சொல்! எங்கள் அரை ஏக்கர் செத்துப்போன தாத்தா பேரிலேயே கிடந்தது. பெரியப்பா வீட்டுத் தகரப் பெட்டியில் இருந்த அந்தக் காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஆறு வயதுப் பிள்ளைக்குப் பட்டா ஒரு சத்தம். அம்மாவுக்கு அது பத்து வருஷச் சண்டை.

இதன் வேர் பிரேசிலில் இருக்கிறது. 1963இல் அங்கிகோஸ் என்ற சிற்றூரில் பாவ்லோ ஃப்ரெயிரே என்ற கல்வியாளரும் அவருடைய குழுவும் ஏறத்தாழ 300 தொழிலாளர்களுக்கு 40 மணி நேரத்தில் எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுக்க முயன்றார்கள். செங்கல் என்பது போல அவர்கள் தினமும் தொடுகிற சொல்லை எடுத்து, அதை உடைத்து, அதிலிருந்து மற்ற எழுத்துகளுக்குப் போவது. அந்த நாட்டில் அப்போது எழுத்தறிவு இல்லாதவர்களுக்கு ஓட்டுரிமை கிடையாது. படித்தால் ஓட்டு. 1964இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் ஃப்ரெயிரேயைச் சிறையில் போட்டது. அ, ஆ என்று ஆரம்பித்திருந்தால் ஒருவேளை விட்டிருப்பார்கள்.

மால்கம் நோல்ஸ் என்ற அமெரிக்கர் பெரியவர்களின் கற்றலுக்கென்று ஆண்ட்ரகாஜி என்ற தனிப்பெயரையே பரப்பினார். ஏன் கற்க வேண்டும் என்பது தெரியாமல் பெரியவர்கள் எதையும் கற்க மாட்டார்கள் என்பது அவருடைய வாதங்களில் ஒன்று. முதலில் பிள்ளைகளுக்கு ஒரு வழி, பெரியவர்களுக்கு வேறு வழி என்று கோடு கிழித்தவர், 1980இல் தன் புத்தகத்தின் அடுத்த பதிப்பில் அந்தக் கோட்டைத் தானே தளர்த்திக்கொண்டார். நியாயம்தான். காரணம் தெரிய வேண்டியது பிள்ளைகளுக்கும்தான். அவர்களால் எழுந்து போக முடியாது, அவ்வளவே. திண்ணையிலிருந்து அம்மா எந்த ராத்திரியும் எழுந்து போயிருக்கலாம்.

அடுத்தது சைக்கிள். புதுக்கோட்டை அறிவொளி என்றாலே சைக்கிள்தான் நினைவுக்கு வரும். சொல்லிக்கொடுக்கிற பெண்கள் ஊர் ஊராகப் போய்வர வேண்டும் என்பதற்காகத் தொடங்கியது, கற்கிறவர்களையும் பிடித்துக்கொண்டது. லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. கம்பி வைத்த ஆம்பிளை சைக்கிளையே வாங்கினார்கள். முன்னால் பிள்ளையை உட்கார வைக்க அந்தக் கம்பி வசதி என்று சொல்லிக்கொண்டார்கள். 1992 மகளிர் தினத்தன்று 1,500 பெண்களுக்கு மேல் புதுக்கோட்டை டவுனுக்குள் சைக்கிளில் போனார்கள். அம்மா போகவில்லை. அன்றைக்கு மாடு கன்று போட்டுவிட்டது.

ஆனால் கற்றுக்கொண்டாள். எங்கள் களத்தில், இருட்டுகிற நேரத்தில், வாடகை சைக்கிளில். பின்னால் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடியது பக்கத்து வீட்டுச் சின்னம்மா. "பிடிச்சிருக்கேன், பிடிச்சிருக்கேன், மிதி" என்று கத்திக்கொண்டே எப்போதோ கையை விட்டிருக்கிறார். களத்து முனையில் திரும்பும்போது சின்னம்மா தூரத்தில் இடுப்பில் கை வைத்து நிற்பதைப் பார்த்ததும் அம்மா விழுந்தாள். முழங்கை கிழிந்தது, வளையல் உடைந்தது. எழுந்ததும் முதல் வேலையாகச் சின்னம்மாவைத் திட்டினாள். ஆனால் அதற்குள் களத்தின் முக்கால் பங்கைத் தனியாகக் கடந்துவிட்டாள்.

என் மாஸ்டர் 26 நாளும் கேரியரை விடவே இல்லை.

பெரியம்மாவும் அதே திண்ணையில்தான் படித்தார். அம்மாவைவிடக் கெட்டிக்காரி என்று டீச்சரே சொல்வாளாம். இன்று அவருக்குக் கையெழுத்து மட்டும்தான் வரும். பெரியப்பா எல்லாவற்றையும் அவரே படித்துச் சொல்லிவிடுவார், எழுத்தைத் தொட வேண்டிய தேவையே வரவில்லை. அம்மாவைக் காப்பாற்றியது பால். சொசைட்டிக்கு ஊற்றுகிற பாலை நாள்காட்டித் தாளில் காலை, மாலை என்று எழுதி வைப்பாள். எழுதாவிட்டால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை பணம் வாங்கும்போது அரை லிட்டர், கால் லிட்டர் குறையும். மாடுகளை விற்று இருபது வருஷம் ஆகியும் அந்தப் பழக்கம் போகவில்லை. கேஸ் வந்த தேதி, மாத்திரை, யார் வந்தார்கள், யார் சாப்பிடாமல் போனார்கள், எல்லாம் தாளில் இருக்கும். எழுத்து இன்னும் கோடு கோடாகத்தான் இருக்கும்.

போன வருஷம் அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன். திருச்சியில் எங்களோடு வைத்துக்கொண்டோம். வாரத்தில் மூன்று நாள் புத்தூர் பக்கம் பிசியோதெரபி. ஆட்டோவில் ஏற முடியவில்லை. கால் தூக்கி உள்ளே வைப்பதற்குள் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வீட்டுக்காரர் வெளியூரில் வேலை பார்க்கிறார், கார் சும்மா நிற்கிறது. அதனால்தான் டிரைவிங் ஸ்கூல்.

ஆபீசில் ஒருவர், "இந்த வயசுல மூளையில ஏறாதுங்க, ஆக்டிங் டிரைவர் போட்டுக்குங்க" என்றார். லண்டன் டாக்சிக்காரர்களைப் பற்றி அவரிடம் சொல்லிப் பார்த்தேன். நகரின் நடுவிலிருக்கும் சாரிங் கிராஸிலிருந்து ஆறு மைல் தூரத்துக்குள் ஏறத்தாழ 25,000 தெருக்களை மனதில் வைத்திருந்தால்தான் அவர்களுக்கு லைசென்ஸ். மூன்று நான்கு வருஷப் படிப்பு. எலினர் மகுவயர், காத்தரின் வூலட் என்ற ஆய்வாளர்கள் பயிற்சிக்கு வந்த 79 பேரின் மூளையை ஆரம்பத்தில் படம் எடுத்து, கடைசியில் திரும்பி வந்தவர்களை மறுபடியும் எடுத்து 2011இல் வெளியிட்டார்கள். தேறியது 39 பேர். இடங்களை நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸின் பின்பகுதி அவர்களுக்கு மட்டும் வளர்ந்திருந்தது. எல்லாரும் வளர்ந்த ஆட்கள்தான். ஆபீஸ்காரர் கேட்டுவிட்டு, "அது லண்டன்" என்றார். மீதி நாற்பது பேர் தேறவில்லை என்பதை நானும் அவரிடம் அழுத்திச் சொல்லவில்லை.

கடைசியில் தம்பியைக் கூப்பிட்டேன். அவன் புதுக்கோட்டையில் டாடா ஏஸ் ஓட்டுகிறான். பேச்சு குறைவு. ஊரில் கோடையில் வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் காரை இறக்கிவிட்டு, "ஆக்சிலேட்டர்ல கால் வைக்காதக்கா. கிளட்ச் மட்டும். இன்னைக்கு அம்பது தடவை வண்டி ஆஃப் ஆகணும்" என்றான். அப்புறம் இறங்கிப் போய்க் கருவேல மரத்தடியில் உட்கார்ந்து போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டான்.

ஐம்பது தடவை ஆஃப் ஆக வேண்டும் என்று யாராவது கட்டளையிட்டால் என்ன ஆகும் தெரியுமா? ஆஃப் ஆவது தப்பில்லாமல் போய்விடுகிறது. முதல் பத்துத் தடவை வண்டி குலுங்கிச் செத்தது. பதினைந்துக்கு மேல், சாவதற்குச் சற்று முன்னால் வண்டியின் முகப்பு லேசாக எழும்புவது தெரிந்தது. சத்தம் கனத்தது. அந்த இடத்தில் பாதத்தை நிறுத்தினால் வண்டி எறும்பு மாதிரி ஊர்ந்தது. முப்பது வீடியோவிலும் இதைச் சொல்லியிருந்தார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் அது என் குதிகாலுக்குத் தெரிந்தது அந்தக் கண்மாயில்தான். முப்பத்து நான்குக்கு மேல் என்னால் வண்டியை வேண்டுமென்றே ஆஃப் செய்ய முடியவில்லை. தம்பியிடம் போய்ச் சொன்னேன். "சரி, ஏத்தத்துல போடு" என்று கரையைக் காட்டினான். அங்கே மறுபடியும் முதலிலிருந்து.

நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் அவன் விடவில்லை. அவனுக்கும் கோட்பாடு எதுவும் இல்லை, மதியம் லோடு இருந்தது.

ஆறு நாள் கழித்துத் திருச்சிக்கு வந்து அம்மாவை முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு புத்தூருக்குக் கிளம்பினேன். கார் கதவு அகலம், சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டால் காலை மடக்காமல் உட்கார்ந்துவிடலாம். வழியெல்லாம் அம்மா கடைப் பலகைகளை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வருவாள். முப்பது வருஷத்துக்கும் மேலாகப் பஸ்ஸில் அப்படித்தான். டிவிஎஸ் டோல்கேட் சிக்னலில் முதல் நாளே ஆஃப் ஆனது. பின்னாலிருந்து ஒரே ஹாரன். எனக்குக் கை நடுங்கியது. அம்மா திரும்பிப் பார்த்து, "அவனுக்கு மட்டும் தாய் வயித்துல இருந்தே தெரியுமா? நீ எடு" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்து நாள்காட்டித் தாளில் மாத்திரைக்குக் கீழே "வண்டி 6" என்று எழுதினாள். என்னம்மா என்று கேட்டதற்கு, எத்தனை தடவை நின்றது என்ற கணக்காம். அடுத்த தடவை 4. பிறகு ஒரு மழை நாளில் 7. அந்த ஏழைப் பார்த்து எனக்கு வந்த கோபத்தில் அன்று சாயங்காலமே தெருவை எட்டுச் சுற்றுச் சுற்றினேன்.

போன வெள்ளிக்கிழமைத் தாளில் 0 போட்டிருக்கிறாள். அது தப்பு. டோல்கேட் சிக்னலில் ஒரு தடவை நின்றது. அம்மா வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள்.